ஆயிரம் அடி இருக்கு, கேப்டன்

எங்கள் விமான நிறுவனத்தில் அவரை எல்லோரும் ‘ஆயிரம்’ என்றுதான் சொல்வோம். சொத்துக்கும் சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விமானம் ஓர் உயரத்துக்கு ஏறும்போதோ இறங்கும்போதோ, போய்ச் சேர இன்னும் ஆயிரம் அடி இருக்கையில், ஓட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கிற விமானி அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு விதிப் புத்தகத்தில் ஓர் ஆங்கில வரி இருக்கிறது. எங்களில் பாதிப் பேர் அதைக் கொட்டாவிக்கு நடுவே முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவோம். அவர் அந்த வரியை முழுசாகச் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, “ஆயிரம் அடி இருக்கு, கேப்டன்” என்று நம் பேச்சிலும் ஒரு தடவை சொல்வார். இருபத்தேழு வருஷமாக ஒரு தடவைகூட அவர் அதை விட்டதில்லை.

நான் கேப்டன். இடது பக்கத்து இருக்கை என்னுடையது. அவர் கோ-பைலட், வலது பக்கம். வயதில் என்னைவிட இரண்டு வருஷம் மூத்தவர். அதனால் எங்களுக்குள் ஒரு விநோத ஏற்பாடு இருந்தது. விமானத்துக்குள் ஏறிவிட்டால் அவர் என்னைக் கேப்டன் என்பார், இறங்கிவிட்டால் தம்பி. நான் உள்ளேயும் வெளியேயும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். அந்த வார்த்தையை அத்தனை வருஷம் கூசாமல் சொல்லியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

மூத்தவர் ஏன் வலது பக்கத்திலேயே தங்கிவிட்டார் என்று கேட்பீர்கள். கேப்டன் ஆவதற்கான தேர்வில் இரண்டு தடவை உட்கார்ந்தார். தரையிலேயே நிற்கிற மாதிரி விமானத்தில் வைத்து இன்ஜினை நிறுத்துவார்கள், தீ விளக்கைப் போடுவார்கள், புகை வருகிறது என்பார்கள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். ஆனால் இரண்டு தடவையும் தேர்வாளர்கள் ஒரே குறையைத்தான் எழுதினார்கள். குரல் போதாது, வேண்டிய இடத்தில் அழுத்திச் சொல்வதில்லை. நிஜம்தான், அவருக்கு மெல்லிய குரல். தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி பேசுவார். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்ட மனிதர் இல்லை. மெதுவாகச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் வேறு வேறு என்று அந்தப் புத்திசாலிகளுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது தேர்வுதான் கடைசி. ஐம்பத்தேழு வயது தாண்டினால் எங்கள் நிறுவனத்தில் அதற்குக் கூப்பிட மாட்டார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்தாறு நடந்துகொண்டிருந்தது.

தேர்வுக்கு மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஒன்பதாவது மாடி. கீழேயே என்னைப் பிடித்துக்கொண்டார், கையில் பால் பாக்கெட். லிஃப்ட் எட்டைத் தொட்டதும் தன்னையறியாமல், “ஒரு மாடி இருக்கு” என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்து, “உங்க அண்ணி தினம் திட்டறா தம்பி, லிஃப்ட்ல கூட வர்றவங்க ஒரு மாதிரி பாக்கறாங்களாம்” என்றார்.

உள்ளே போனால் சாப்பாட்டு மேஜையைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். இரண்டு நாற்காலி பக்கத்தில் பக்கத்தில். எதிரே அலமாரிக் கதவில் விமானத்தின் கருவிப் பலகை, அச்சடித்த காகிதத்தில், நிஜ அளவில். இடது நாற்காலியில் அவர் போய் உட்கார்ந்தார். வலதில் அண்ணி. அண்ணி ஆஸ்பத்திரியில் மருந்தாளர். வாழ்க்கையில் விமானத்தில் ஏறியதே நாலைந்து தடவைதான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கையில் விதிப் புத்தகத்தோடு, ஒரு விரலால் காகிதத்தைச் சுட்டி உயரத்தைப் படித்தார். இடது நாற்காலியிலிருந்து அவர் பதில் சொன்னார். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

“என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? நாங்களும் மாத்திரை எடுக்கறப்ப இப்படித்தான். அட்டைல ஒரு தடவை, எண்ணறப்ப ஒரு தடவை, குடுக்கறப்ப ஒரு தடவை. வாய்விட்டுப் படிக்கணும். மனசுக்குள்ள படிச்சா மனசு ஏமாத்திடும்.”

“அப்போ அண்ணிக்கே லைசென்ஸ் குடுத்துடலாமே” என்றேன்.

“எனக்கு வேண்டாம்ப்பா. இவர் இடது பக்கம் உக்காந்து ஒரே ஒரு தடவை பயணிகளுக்கு வணக்கம் சொல்லணும். நான் பின்னாடி உக்காந்து கேக்கணும். அவ்வளவுதான்.”

அதைச் சொல்கையில் அண்ணி சிரிக்கவில்லை, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அந்த வீட்டில் அதைத் தவிர வேறு ஆசை எதையும் நான் பார்த்ததில்லை.

இனி என் கதை. எனக்கு விமானம் ஓட்டுவதில் ஒரு கர்வம் உண்டு. பின்னால் டீ ஊற்றுகிற பெண்ணின் கோப்பையில் ஒரு சொட்டுத் ததும்பக்கூடாது. ஆட்டோபைலட் ஓட்டினாலும் அதன் முரட்டுத்தனத்தை என் கையால் கொஞ்சம் தேய்த்து மழுப்பாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஏறும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க நடுவில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், கட்டைவிரல் அகலம். என் விரல் எப்போதும் அதன் மேல்தான். “கையை மடில வைங்க கேப்டன், அதுவே பாத்துக்கும்” என்று அவர் நூறு தடவை சொல்லியிருப்பார்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. போகவேண்டிய உயரத்தைக் குமிழைத் திருகி எண்ணாக வைப்போம். அந்த உயரம் நெருங்கியதும் ஆட்டோபைலட் ஏறும் வேகத்தைக் குறைத்து, மட்டமாக்கி, அங்கே போய் உட்காரும். இதற்குக் ‘கேப்சர்’ என்று பெயர். எங்கள் பழைய விமானத்தில் அந்த அரை நிமிஷத்துக்குள் யாராவது அந்தச் சக்கரத்தைத் தொட்டால், இவனுக்கு இன்னும் ஏற வேண்டும் போலிருக்கிறது என்று அது நினைத்துக்கொள்ளும். பிடித்த உயரத்தை விட்டுவிடும். குமிழுக்கு மேலே இருக்கிற சின்ன ஜன்னலில் நாங்கள் வைத்த எண் அப்படியே இருக்கும். எதிரே திரையில் ஒரு சின்னச் சொல் மட்டும் அணையும். விமானம் அந்த எண்ணைத் தாண்டி நிம்மதியாக ஏறிக்கொண்டே போகும். எங்கள் தொழிலில் இல்லாதவன் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. தொழிலில் இருபது வருஷம் ஊறினவன் சுலபமாகச் செய்வான்.

அந்த ஞாயிறு முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலை, நல்ல வெயில், மேகமே இல்லை. இருபத்துநாலாயிரம் அடிக்கு ஏறிக்கொண்டிருந்தோம். எண்ணை வைத்தேன், விரலால் காட்டினேன், அவரும் காட்டிப் படித்தார். எங்கள் குடியிருப்பில் என் கார் நிறுத்துகிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரன் தினமும் வண்டியை விடுகிறான், அந்தப் புராணத்தை நான் பாடிக்கொண்டிருந்தேன். நடுவில் அவர் வழக்கம்போல ஆங்கில வரியைச் சொல்லி, “ஆயிரம் அடி இருக்கு, கேப்டன்” என்றார். அந்தக் கடைசி ஆயிரம் அடியில் அவர் வேறு எதுவும் பேசமாட்டார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். விமானம் மட்டமாகத் தொடங்கியது. கொஞ்சம் வெடுக்கென்று இருந்த மாதிரி பட்டது. பின்னால் டீ வண்டி நகர்கிற நேரம். விரல் தானாகச் சக்கரத்தை உருட்டியது.

“கேப்டன், கேப்சர் போயிடுச்சு” என்றார்.

“ம்” என்றேன். பக்கத்து வீட்டுக்காரனின் மைத்துனன் கதையில் நுழைந்திருந்தான்.

“தாண்டுது கேப்டன்.”

“ம். கேளுங்கண்ணே, அவன் என்ன சொல்றான் தெரியுமா...”

“கேப்டன், ஏறிட்டே இருக்கு!”

இந்தத் தடவை குரல் உயர்ந்தது. அவர் கை ஓட்டுத்தண்டின் மேல் வந்துவிட்டது. அதே சமயம் எச்சரிக்கை மணியும் அடித்தது. ஆட்டோபைலட்டைத் துண்டித்து மூக்கை இறக்கினேன். நானூற்று எண்பது அடி தாண்டியிருந்தோம். முந்நூறுக்கு மேல் போனாலே பிசகு என்று கணக்கு. எங்களுக்கு மேலே எதிர்த்திசையில் ஒரு விமானம் கடந்துபோய் ஒரு நிமிஷம்தான் ஆகியிருந்தது. தரையிலிருந்து விமானப் போக்குவரத்தைக் கவனிக்கிற கன்ட்ரோலர், உங்கள் உயரம் என்ன என்று கேட்டார். சரி செய்துவிட்டோம் என்றேன். நல்லது என்றார். அவ்வளவுதான், ஒரு கோப்பைகூடக் கவிழவில்லை.

இறங்கியதும் விமானிகள் அறையில் அவர் ஒரு படிவத்தை எடுத்து உட்கார்ந்தார். எங்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. செய்த தப்பைப் பத்து நாளுக்குள் அவனவனே எழுதிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தண்டனை கிடையாது. எழுதுகிறவனை மன்னித்து, தப்பிலிருந்து மற்றவர்களைப் படிக்கவைக்கிற ஏற்பாடு. அப்போது எனக்குப் பயிற்சியாளர் பதவி வரும் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறவன் சக்கரத்தை உருட்டி உயரத்தைத் தொலைத்தான் என்று என் கையாலேயே எழுத மனசு வரவில்லை.

“விடுங்கண்ணே, நான் எழுதறேன். ரெண்டு பேருக்கும் சேத்து எழுதிக் குடுத்துடறேன்” என்றேன்.

“தனித்தனியாத்தானே எழுதணும் தம்பி?”

“தேர்வு வருது உங்களுக்கு. பேர் ரெண்டு இடத்துல வர வேண்டாம். நான் பாத்துக்கறேன்.”

அவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என்னை நம்பினார். அடுத்த வாரம், “எழுதிட்டீங்களா தம்பி?” என்று ஒரு தடவை கேட்டார். “ஆச்சுண்ணே” என்றேன். எழுதவில்லை. கெட்ட எண்ணத்தோடு இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பதினோராவது நாள் வந்ததும், இனி எழுதினாலும் பிரயோஜனமில்லை என்று நிம்மதிகூடப் பட்டேன்.

விமானத்தில் ஒரு பெட்டி எல்லாவற்றையும் பதிவு செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த வினாடி சக்கரம் உருண்டது, எத்தனை அடி தாண்டியது, எப்போது ஆட்டோபைலட் துண்டிக்கப்பட்டது, எல்லாம் அதில் இருக்கும். அதை மாதாமாதம் எடுத்துப் படிப்பார்கள். ஆனால் எங்கள் குரலைப் பதிகிற கருவி வேறு. எங்கள் விமானத்தில் அது கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டும்தான் வைத்திருக்கும், பழசின் மேல் புதுசு பதிந்துவிடும். மூன்று வாரம் கழித்து எங்களைக் கூப்பிட்டபோது அடிக்கணக்கு அப்படியே இருந்தது. அவர் சொன்னது எதுவும் இல்லை. இருபத்தேழு வருஷம் வாய்விட்டுச் சொன்ன மனிதரின் ஒரு வார்த்தைகூட எங்கேயும் பாக்கி இல்லை.

படிவம் அலுவலகத்தில் எங்கோ தவறியிருக்கும் என்றேன், அதையும் அவர் நம்பினார். விசாரணை அறையில் மூன்று பேர். நீள மேஜை, தண்ணீர் ஜாடி, சுவரில் நின்றுபோன கடிகாரம். சக்கரத்தை உருட்டியது நான் என்பதில் விவாதமே இல்லை. அவர்கள் கேட்டது, கவனிக்கிற விமானி என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான்.

“மூணு தடவை சொன்னேன் சார்” என்றார். அதே மெல்லிய குரல்.

நடுவில் இருந்தவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, “கொஞ்சம் சத்தமா” என்றார்.

“மூணு தடவை சொன்னேன். மூணாவது தடவை கையும் வெச்சேன். அதுக்குள்ள கேப்டன் துண்டிச்சிட்டார்.”

அவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. அவருக்குச் சந்தேகமே இல்லாததால் என்னைப் பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. சொன்னார் என்றால், மூன்று தடவை சொல்லியும் கேட்காதவன் நான். சொல்லவில்லை என்றால், கை தவறியவன் மட்டும்தான். சொல்லவில்லை என்று பச்சையாகப் பொய் சொல்லவும் நாக்கு எழவில்லை. பூசி மெழுகினேன்.

“சொல்லியிருக்கலாம் சார். எனக்கு ஞாபகம் இல்லை.”

அவர் தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது. கோபம் இல்லை அதில். ஒரு கருவி தப்பான எண் காட்டினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், மாதிரி விமானத்தில் இரண்டு நாள் பயிற்சி. அவருக்குத் தண்டனை என்று எதுவும் இல்லை. கோப்பில் பழைய குறை இரண்டு இருந்தது. அதன் கீழே மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தார்கள், வேண்டிய நேரத்தில் சொன்னதாக உறுதிப்படவில்லை என்று. தேர்வுக்கு அவர் பெயரை அனுப்பவில்லை. ஒரு வருஷம் கழித்து எனக்குப் பயிற்சியாளர் பதவி வந்தது. ‘வாய்விட்டுச் சொல்லுங்கள், கேட்கிறவன் கேட்கும்வரை சொல்லுங்கள்’ என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். வெட்கம் கெட்டவன்.

தேர்வுப் பட்டியல் வந்த வாரம் அண்ணி என்னைத் தேடி விமான நிலையத்துக்கே வந்தார். ஊழியர்கள் வண்டி நிறுத்துகிற இடம், பகல் பன்னிரண்டு மணி. ஆஸ்பத்திரி உடுப்போடு அப்படியே வந்திருந்தார்.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவர் சொன்னாரா, சொல்லலையா?”

“எனக்கு ஞாபகம் இல்ல அண்ணி.”

“சொன்னாருன்னா உங்க மேல எனக்குக் கோவம் வராது. நான் எங்கயும் போய்ச் சொல்லவும் மாட்டேன். இவர் வீட்டுல சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. சொன்னேன் சொன்னேங்கறாரு. நான் தெரிஞ்சுக்கணும்.”

உண்மையைச் சொல்ல அதைவிடச் சுலபமான சந்தர்ப்பம் ஒரு மனிதனுக்கு வராது. “சொல்லியிருந்தா எனக்குக் கேட்டிருக்குமே அண்ணி” என்றேன். என் வாயில் அது எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அண்ணி, “அப்போ சொல்லலை” என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

அதற்குப் பிறகு அவரோடு பதினாறு தடவை பறந்தேன். விதிப் புத்தகத்து ஆங்கில வரியைச் சரியாகச் சொன்னார். கூடவே சொல்கிற நம் பேச்சு நின்றுவிட்டது. இறங்கிய பிறகும் என்னைக் கேப்டன் என்றே கூப்பிட்டார். மூன்று வருஷத்தில் ஓய்வு பெற்றார், வலது பக்க இருக்கையிலிருந்தே.

போன மாதம் நானும் ஓய்வு பெற்றேன். மாலையெல்லாம் போட்டார்கள், எங்கள் வழக்கப்படி மரியாதைக்காக விமானத்தின் மேல் தண்ணீர் பீய்ச்சினார்கள். மறுநாள் காலையிலேயே அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். இனி எனக்கு இழக்க ஒன்றுமில்லை என்ற தைரியம்தான், வேறென்ன. லிஃப்டில் தனியாகப் போனேன். எட்டைத் தொட்டதும் அவர் சொல்வது ஞாபகம் வந்தது.

அவர்தான் கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். சாப்பாட்டு மேஜை நடுவில் வந்துவிட்டது. அலமாரிக் கதவில் காகிதத்தை ஒட்டியிருந்த பசையின் தடம் நான்கு மூலையிலும் தெரிந்தது. நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வேறெங்காவது போய்விடும் என்று எனக்கு என்னைத் தெரியும்.

“அண்ணே, நீங்க சொன்னீங்க. மூணு தடவையும் சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு.”

அவர் ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“தெரியும். மூணுல ரெண்டுக்கு நீங்க ‘ம்’னு பதிலே சொன்னீங்க.”

“நிறுவனத்துக்கு எழுதிக் குடுத்துடறேன்ணே. இன்னைக்கே.”

“என்னத்துக்கு? என்னைத் திரும்பக் கூப்பிட்டு உக்காரவெப்பாங்களா? அந்த விமானத்தையே உடைச்சு வித்தாச்சு.” தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். “எழுத வேண்டாம். அவகிட்ட சொல்லுங்க. அது போதும்.”

“அண்ணி... இன்னும்...”

“ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலை அவ. நல்லாத்தான் பாத்துக்கறா. ஆனா ஒரு ராத்திரிகூட நான் பூட்டிட்டேன்னு சொன்ன கதவை அவ எழுந்துபோய்ப் பாக்காம படுத்ததில்லை. அடுப்பை அணைச்சேன்னா போய்ப் பாப்பா. மாத்திரை போட்டேன்னா அட்டையை எண்ணுவா. நான் எது சொன்னாலும் அவ ஒரு தடவை பாக்கணும். அஞ்சு வருஷமா.”

அழவில்லை அவர், சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் அழுதேன். சொல்கிறேன் அண்ணே, கட்டாயம் சொல்கிறேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாவி திரும்பியது. அண்ணி உள்ளே வந்தார், கையில் காய்கறிப் பை. முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதுதான் என்னை அடித்தது. இந்த ஐந்து வருஷமும் அண்ணியின் மனதில் நான் நல்லவன், வேண்டியவன், கணவரின் தப்பை வெளியில் பெரிசுபடுத்தாமல் விட்ட பெருந்தன்மைக்காரன்.

“வாங்க தம்பி! எத்தனை நாளாச்சு! என்ன விஷயம்?”

“சும்மா அண்ணி. பாத்துட்டுப் போலாம்னு.”

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணி பையை இறக்கினார். “கண்ணெல்லாம் செவந்திருக்கே. ஏதாச்சும் சொல்ல வந்தீங்களா?”

“இல்ல அண்ணி... ஓய்வு வாங்கிட்டேன். அதான்.”

“அட, அதுக்கா? இருங்க, டீ போடறேன்.” சமையலறை வாசலில் நின்று திரும்பினார். “வேற ஒண்ணும் இல்லையே?”

அவர் என்னையே பார்த்தார். அந்த விசாரணை மேஜையில் பார்த்த அதே பார்வை. வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து, “ஒண்ணும் இல்ல அண்ணி” என்றுதான் வந்தது.

டீ வந்தது, குடித்தேன். லிஃப்ட் வரை அவர் வழியனுப்ப வந்தார். மரியாதை தெரிந்தவர். அண்ணி உள்ளேயிருந்து, “அடுப்பை நான் அணைக்கலை, நீங்க அணைச்சீங்களா?” என்று கேட்டார். “அணைச்சுட்டேன்” என்று அவர் மெல்லிய குரலில் சொன்னார். அண்ணியின் செருப்புச் சத்தம் சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்தது. லிஃப்டின் கதவு மூடுகிறவரை அவர் அங்கேயே நின்றார். என்னிடம் அவர் எதுவும் சொல்லவில்லை.